லிண்டா கைசெடோ: மூணு ஃபைனல், மூணும் கைநழுவிப் போச்சு, வயசு இன்னும் 20தான்

மாறன்_நேருல்
3 ஆகஸ்ட் 2025, காலை 7:12

ராத்திரி முழுக்கத் தூங்கல. அதே சூட்டோட எழுதுறேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கங்க.

கோபா அமெரிக்கா, அதாவது தென் அமெரிக்க நாடுகளோட கோப்பை, பெண்கள் ஃபைனல். ஈக்வடாரோட கீட்டோ நகரம், கடல்மட்டத்துல இருந்து 2,800 மீட்டருக்கு மேல. அந்த உயரத்துல கொலம்பியாவும் பிரேசிலும் 120 நிமிஷம் ஆடி 4-4. 25-வது நிமிஷத்துல முதல் கோல் கொலம்பியாவோட லிண்டா கைசெடோ. கொலம்பியா மூணு தடவை முன்னால போச்சு, மூணு தடவையும் பிரேசில் எட்டிப் பிடிச்சுது. மூணாவது தடவை இஞ்சுரி டைம் ஆறாவது நிமிஷம், பிரேசிலோட 39 வயசு மார்த்தா தூரத்துல இருந்து அடிச்ச அடி. எக்ஸ்ட்ரா டைம்ல மார்த்தாவே இன்னொண்ணு. 115-ல லெய்சி சாண்டோஸ் சமன் பண்ணாங்க. கடைசியில பெனால்ட்டில 5-4, கோப்பை பிரேசிலுக்கு.

முடிஞ்சதும் என் நினைப்பு நேரா 2022 அக்டோபர் 30-க்குப் போயிருச்சு. டி.ஒய்.பாட்டீல் ஸ்டேடியம், 17 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பை ஃபைனல், ஸ்பெயின் - கொலம்பியா. எங்க வீடு அதே நவி மும்பை நேருல்லதான், நடந்தே போய்ட்டோம். நான், மனைவி, ஏழு வயசு மகள். அதுக்கு முன்னாடி லிண்டாங்கற பேரே எனக்குத் தெரியாது. முதல் பத்து நிமிஷத்துலயே பக்கத்து சீட்டுக்காரர் மராத்தில "அந்தப் பொண்ணைப் பாருங்க"ன்னார்.

என்ன பார்த்தேன்னு சொல்றேன். அந்த வயசுப் பிள்ளைகள் பந்து காலுக்கு வந்ததும் ஓட ஆரம்பிச்சிடுவாங்க. இவ நின்னுடறா. எதிர்ல வர்ற டிஃபெண்டருக்கு அந்த அரை நொடி என்ன பண்றதுன்னு தெரியல. காலை நீட்டலாமா, பின்வாங்கலாமான்னு யோசிச்சு எடையை ஒரு கால்ல போட்டதும் இவ மறுபக்கம் போயிடறா. தொலைக்காட்சில இது சும்மா டிரிபிள் (பந்தைக் காலோட ஓட்டிட்டு ஆளைத் தாண்டறது) மாதிரி தெரியும். ஸ்டாண்டுல உக்காந்து பார்த்தா டிஃபெண்டரோட இடுப்பு திரும்பறது தெரியும்.

82-வது நிமிஷம் கொலம்பியாவோட அனா மரியா குஸ்மான் கால் பட்டு பந்து தன் கோலுக்குள்ளயே போச்சு. 1-0 ஸ்பெயின். கொலம்பிய கால்பந்துல ஆணோ பெண்ணோ, எந்த வயசு டீமும் அதுக்கு முன்னாடி ஃபிஃபா ஃபைனலுக்கு வந்ததே இல்ல. அது அப்படி முடிஞ்சுது.

இப்ப என் கேள்வி. 2022-ல மட்டும் இந்தப் பொண்ணு ஜூலைல சீனியர் கோபா (அதுலயும் ஃபைனல்ல பிரேசில்கிட்ட தோல்வி), ஆகஸ்ட்ல கோஸ்டாரிகால 20 வயதுக்குட்பட்ட உலகக் கோப்பை, அக்டோபர்ல இந்தியால 17 வயதுக்குட்பட்ட உலகக் கோப்பை. நாலு மாசத்துல மூணு. அப்ப வயசு 17. இது திறமைக்குக் குடுத்த மரியாதையா, இல்ல கிடைச்ச வரைக்கும் பிழிஞ்சு எடுத்ததா? மனசுல பட்டதைச் சொல்லுங்க.

---

கோல்கம்பம்
3 ஆகஸ்ட், காலை 8:40

அருமையான பதிவு மாறன் அண்ணா. இந்தியால நடந்த அந்த உலகக் கோப்பைல சிறந்த வீராங்கனைக்கான கோல்டன் பால் இவங்களுக்குத்தானே? காலி நகரத்துல பிறந்தவங்கதானே?

---

மாறன்_நேருல்
3 ஆகஸ்ட், காலை 8:52

ரெண்டுமே கொஞ்சம் பிசகு தம்பி. கோல்டன் பால் ஸ்பெயினோட விக்கி லோபெஸுக்கு. லிண்டாவுக்கு சில்வர் பால். கோல்டன் பால் அதே வருஷம் ஜூலைல வாங்கிட்டா, அதுவும் சீனியர் கோபா அமெரிக்கால, மொத்தப் போட்டியோட சிறந்த வீராங்கனையா.

ஊர் காலி இல்ல, பக்கத்துல. வாயே டெல் காவ்கா மாகாணம், கண்டெலாரியா நகராட்சிக்குள்ள விய்யாகோர்கோனான்னு ஒரு சின்ன ஊர். அங்க பையன்களோட சேர்ந்துதான் ஆடிப் பழகினா. 14 வயசுல அமெரிக்கா தே காலி கிளப்புக்காக இறங்கி அதே 2019-ல லீக் சாம்பியன். 14 வயசுலயே நாட்டுக்காக சீனியர் மேட்ச். அப்புறம் எதிர் கிளப்பான டெபோர்டிவோ காலிக்குப் போய் 2021-ல அங்கயும் சாம்பியன்.

---

பந்துவீதி
3 ஆகஸ்ட், பகல் 11:05

மாறன் சார், உங்க உணர்ச்சி புரியுது. ஆனா நான் மாற்றுக்கருத்து சொல்லத்தான் வந்திருக்கேன்.

இந்த மாதிரி "அடுத்த பெரிய ஆள்" கதைகளை நான் இருபது வருஷமா பார்த்துட்டு வர்றேன். 2004-ல அமெரிக்கால ஃப்ரெடி அடுவை 14 வயசுல தொழில்முறை லீக்ல இறக்கி அடுத்த பெலேன்னாங்க. அவருக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். பேர் வாங்கறது ஒரு விஷயம், பத்து வருஷம் நிக்கறது வேற விஷயம்.

லிண்டா 2023 பிப்ரவரில இருந்து ரியல் மாட்ரிட்ல இருக்காங்க. இதுவரைக்கும் அந்தப் பெண்கள் அணி ஒரு கோப்பைகூட எடுக்கல. கொலம்பியா கோபால நாலு தடவை ரன்னர் அப், 2010, 2014, 2022, 2025, நாலு தடவையும் பிரேசில்தான் முதலிடம். அதுல ரெண்டுல இவங்க இருந்திருக்காங்க. டிரிபிள் அழகா இருக்குங்கறதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா ஃபார்வர்டுன்னா கடைசியில ஆட்டத்தை முடிச்சுக் குடுக்கணும். அந்த இடத்துல இன்னும் கேள்வி இருக்குன்னுதான் நான் நினைக்கறேன்.

நாலு மாசத்துல மூணு போட்டிங்கறதுல மட்டும் உங்க கவலை நியாயம்.

---

சிட்னி_குகன்
3 ஆகஸ்ட், பிற்பகல் 2:31

வணக்கம் எல்லாருக்கும். நான் யாழ்ப்பாணம், இப்ப சிட்னியில இருக்கிறன். பந்துவீதி அண்ணைக்கு ஒரு பதில் சொல்லவேணும் போல கிடக்கு.

2023 யூலை 30, ஞாயிற்றுக்கிழமை. சிட்னி ஃபுட்போல் ஸ்டேடியத்தில ஜெர்மனி - கொலம்பியா. 40 ஆயிரம் சனம். நான் ஜெர்மனிக்குக் கத்துற எண்ணத்தோட போனனான், ஏனெண்டால் எங்கட சித்தப்பா ஆக்கள் எல்லாம் டோர்ட்முண்ட் பக்கம். போய்ப் பாத்தா ஸ்டேடியம் முழுக்க மஞ்சள். சிட்னியில இவ்வளவு கொலம்பியாக்காரர் இருக்கினம் எண்டு அண்டைக்குத்தான் தெரியும்.

ஜெர்மனி முதல் ஆட்டத்தில மொரோக்கோவுக்கு 6-0 அடிச்சுப்போட்டு வந்தவை. இரண்டு தரம் உலகச் சம்பியன். எல்லாரும் லேசா வெல்லுவினம் எண்டுதான் நினைச்சம்.

52-ஆவது நிமிசம். பெட்டிக்குள்ள இடப்பக்கம் பந்து லிண்டாட்ட வருது. முன்னால ரெண்டு ஜெர்மன்காரர். மாறன் அண்ணா சொன்ன அதே நிப்பு. பிறகு அந்த ரெண்டு பேருக்கும் நடுவால சின்னதா ஒரு வெட்டு, வலக்காலால ஒரு வளைவு. கோலி மெர்லே ஃப்ரோம்ஸ் பாய்ஞ்சவ, கை எட்டேல்ல. தூர மூலையில மேல போய் விழுந்தது. எனக்குப் பக்கத்தில இருந்த ஒரு கிழவர் கொடியால முகத்தை மூடிக்கொண்டு அழுதவர். நானும் கத்திப்போட்டன், ஜெர்மனியை மறந்து.

பிறகு 89-இல ஜெர்மனியின்ர போப் பெனால்ட்டி போட்டு 1-1. சரி, சமநிலை எண்டு நினைக்க 97-ஆவது நிமிசம் கோர்னர், மானுவேலா வனேகாஸ் தலையால. 2-1. அந்த முறை ஜெர்மனி முதல் சுற்றோடயே வீட்டை போனது. அவையின்ர வரலாற்றில முதல்தரம்.

ஆட்டத்தை முடிச்சுக் குடுக்கேல்ல எண்டு சொன்னீங்கள் எல்லோ அண்ணை. அந்தப் போட்டியின்ர சிறந்த கோல் எண்டு ரசிகர்கள் தெரிஞ்செடுத்ததும் அதே கோல்தான். கோப்பை எடுக்கேல்ல, சரி. ஆனா அந்த மாதிரி ஆட்டத்தில, அந்த நேரத்தில, 18 வயசில அப்பிடி அடிக்கிறதுக்கு வேற என்ன பேர்?

---

மலர்_வேலூர்
3 ஆகஸ்ட், மாலை 6:15

நான் கால்பந்து அதிகம் பார்க்கறவ இல்ல. என் மகன் இந்த இழையை அனுப்பி "அம்மா, நீ ஒண்ணு சொல்லணும்"னான். நான் புற்றுநோய்ப் பிரிவுல பல வருஷமா நர்ஸா இருக்கேன்.

இவ்வளவு பேசியிருக்கீங்க, லிண்டாவுக்கு 15 வயசுல கருப்பைப் பக்கத்துச் சினைப்பைல புற்றுநோய் வந்ததை யாரும் எழுதல. 2020-ல. அறுவை சிகிச்சை, அப்புறம் மாசக்கணக்கா கீமோ. இனிமே பந்து விளையாடவே முடியாதுன்னு நினைச்சதா அவங்களே பின்னாடி வெளிப்படையா பேசியிருக்காங்க.

அவங்க மருத்துவ விவரத்துக்குள்ள நான் போகல, அது அவங்க சொந்த விஷயம். எங்க வார்டுல 14, 15 வயசுப் பிள்ளைகளைப் பார்த்த அனுபவத்துல சொல்றேன். கீமோன்னா முடி கொட்டும்னுதான் வெளியில எல்லாரும் நினைக்கறாங்க. முடி கொட்டறது பிள்ளைகளுக்கு வருத்தம்தான். ஆனா உடம்பை முடக்கறது வேற. வெள்ளை அணு இறங்கிடும், ஹீமோகுளோபின் இறங்கிடும், கட்டில்ல இருந்து பாத்ரூம் போறதே ஒரு பயணம். சில மருந்துகள் விரல் நுனியையும் பாதத்தையும் மரத்துப்போக வைக்கும். சட்டை பட்டன் போட முடியல அக்கான்னு அழுத பொண்ணை எனக்குத் தெரியும். சிகிச்சை முடிஞ்ச அப்புறமும் உடம்பு பழையபடி ஆக மாசங்கள் ஆகும்.

அதுல இருந்து எழுந்து அடுத்த வருஷமே லீக் சாம்பியன், ரெண்டே வருஷத்துல தென் அமெரிக்காவோட சிறந்த வீராங்கனைன்னா, நான் அதை எப்படிப் புரிஞ்சுக்கறதுன்னே தெரியல. எங்க வார்டுல ஒரு பொண்ணு கட்டில்ல படுத்தபடியே காலால பிளாஸ்டிக் பந்தை உருட்டிட்டு இருப்பா. அவ பேரை இங்க எழுத முடியாது. அவளுக்கு லிண்டாவோட படத்தைக் காட்டியிருக்கலாமேன்னு இப்ப தோணுது.

அதனாலதான் நாலு மாசத்துல மூணு போட்டின்னு படிச்சதும் எனக்கு வயித்தைக் கலக்குச்சு. சிகிச்சை முடிஞ்சு அவ்வளவு நாள்கூட ஆகாத ஒரு பிள்ளையை மூணு கண்டத்துலயும் ஓட விட்டிருக்காங்களே, கூட இருந்தவங்க யாருக்கும் மனசு கேக்கலயா?

---

மாறன்_நேருல்
3 ஆகஸ்ட், இரவு 9:48

மலர் அக்கா, உங்களுக்கு நன்றி. நான் வேணும்னே அதை முதல்ல எழுதல. எல்லாச் செய்தியும் அதுலயே ஆரம்பிக்குது, ஆட்டத்தைப் பத்திப் பேச இடமே இல்லாமப் போயிடுதுன்னு நினைச்சேன். ஆனா நீங்க எழுதினதுல இருக்கற மாதிரி யாரும் எழுதி நான் படிச்சதில்ல.

மூணு கண்டம்னு நீங்க சொன்னது சரிதான். கோபா அவங்க நாட்டுலயே, 20 வயசு கோஸ்டாரிகா, 17 வயசு நம்ம ஊர். அலைச்சல் என்னவோ கொஞ்சமில்ல.

இதுல எனக்கு இன்னொண்ணு ஓடுது. இந்தியால அந்த உலகக் கோப்பை முதல்ல 2020 நவம்பர்ல நடக்கறதா இருந்துது. கொரோனால தள்ளிப்போய், அந்தப் பதிப்பே ரத்தாகி, 2022 நமக்குக் கிடைச்சுது. அதுவும் ஆகஸ்ட்ல ஃபிஃபா நம்ம கால்பந்து சம்மேளனத்தைச் சஸ்பெண்ட் பண்ணி, போட்டியே போயிடும்ங்கற நிலை வந்து, பத்துப் பன்னெண்டு நாள்ல தடை நீங்கிச்சு. 2020-லயே நடந்திருந்தா அந்த வருஷம் லிண்டா சிகிச்சைல இருந்தா. நான் நேருல்ல உக்காந்து அவ ஆட்டத்தைப் பார்த்தது இத்தனை தள்ளிப்போனதுக்கு அப்புறம் கிடைச்சது.

---

பந்துவீதி
4 ஆகஸ்ட், காலை 6:55

மலர் அம்மா எழுதினதைப் படிச்சிட்டு ராத்திரி ரொம்ப நேரம் யோசிச்சேன். அவங்க தாண்டி வந்ததை நான் கணக்குல எடுக்கல, தப்புதான். குகன் சொன்ன ஜெர்மனி கோலும் ஒத்துக்கறேன், அந்த மாதிரி கோல் உலகத்துல பத்துப் பேரால அடிக்க முடியும்.

ஆனா மூணு போட்டி விஷயத்துல கொலம்பியா பக்கத்தையும் கொஞ்சம் யோசிக்கணும். அங்க பெண்கள் தொழில்முறை லீக் ஆரம்பிச்சதே 2017-லதான். அப்பல்லாம் வருஷத்துல பாதிதான் நடந்துது. 2022-ல ரெண்டாவது பாதி லீக்கை நடத்த முடியாதுன்னு கைவிட்டாங்க. அதுக்காகத்தான் அந்த கோபால வீராங்கனைகள் தேசிய கீதம் பாடும்போது முஷ்டியை உயர்த்தி நின்னாங்க. யோசிச்சுப் பாருங்க, சொந்த நாட்டுல போட்டி, அதே நாட்டுல அவங்க ஆட லீக் இல்ல.

லீக் இல்லாத ஊர்ல ஒரு 17 வயசுப் பொண்ணு எங்க ஆடுவா? வெளிநாட்டு கிளப்புக்கும் போக முடியாது, 18 ஆகாம நாடு மாறி ஒப்பந்தம் போட ஃபிஃபா விதி பொதுவா விடாது. லிண்டாவுக்கு 2023 பிப்ரவரி 22-ல 18 முடிஞ்சுது, ரெண்டு நாள்ல ரியல் மாட்ரிட் அறிவிப்பு வந்துது. அதுவரைக்கும் உயர்ந்த தரத்துல ஆட அவங்களுக்கு இருந்த ஒரே வழி நாட்டு ஜெர்சிதான். அந்த மூணு போட்டியும் இல்லன்னா மாட்ரிட்காரங்க எதை வச்சு எடுத்திருப்பாங்க? சுமை அதிகம்தான். அந்தச் சுமைதான் அவங்களைக் கரை சேர்த்ததும்.

---

செல்வி_கோச்
4 ஆகஸ்ட், காலை 10:20

பந்துவீதி சார் கடைசி வரி எனக்கு ஒத்துக்கல. கோபமா இல்ல, என் கையால நடந்த ஒரு தப்பை வச்சுச் சொல்றேன்.

நான் ஒரு சின்ன ஊர்ல பொண்ணுங்களுக்குக் கால்பந்து சொல்லித்தர்றேன். மொத்தம் 22 பேர். சில வருஷம் முன்னாடி எங்ககிட்ட ஒரு ஃபார்வர்ட் இருந்தா. இடது கால், நல்ல வேகம், கோல் போடற முகம். ஒரே பருவத்துல பள்ளிக்கு ஆடினா, மாவட்டத்துக்கு ஆடினா, ஞாயித்துக்கிழமை ஒரு கிளப் கூப்பிட்டா அங்கயும் ஆடினா. கூப்பிட்ட ஒவ்வொருத்தரும் "ஒரே ஒரு மேட்ச்தான் மிஸ்"னாங்க. அவ முழங்காலுக்குக் கீழ எலும்பைத் தடவிக்கிட்டே இருப்பா. கேட்டா "ஒண்ணுமில்ல மிஸ், ஷின் கார்டு உரசுது"ம்பா. நானும் விட்டுட்டேன். ஸ்கேன் எடுத்துப் பார்த்தப்ப எலும்புல விரிசல். எட்டு மாசம் உக்கார வச்சோம். அதுக்குள்ள பத்தாம் வகுப்பு வந்துருச்சு, வீட்டுல போதும்னுட்டாங்க. இப்ப கல்லூரில படிக்கறா, நல்லா இருக்கா, பந்தைத் தொடறதில்ல.

அந்த மூணு டீமுக்கும் ஒருத்தர் காலெண்டரை எடுத்து வச்சுப் பார்த்திருந்தா போதும். யாரும் பார்க்கல, நானும் பார்க்கல. திறமை இருக்கற பிள்ளை "முடியாது"ன்னு சொல்லவே சொல்லாது சார். அதுக்கு பதிலா நாமதான் சொல்லணும்.

லிண்டாவுக்குக் கரை சேர்ந்துது, சரி. 2023 உலகக் கோப்பைல ஜெர்மனி மேட்சுக்கு மூணு நாள் முன்னாடி பயிற்சில நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு தரையில சாய்ஞ்சாளே, ஞாபகம் இருக்கா? களைப்புன்னாங்க. ஒண்ணுமில்ல, ஆட வந்துட்டா, அந்த கோலும் போட்டா. எல்லாரும் கோலை ஞாபகம் வச்சிருக்கோம். எனக்கு அந்தத் தரைதான் முதல்ல ஞாபகம் வருது.

---

கோல்கம்பம்
4 ஆகஸ்ட், காலை 10:41

மிஸ், படிச்சிட்டு ஒரு மாதிரி ஆயிருச்சு.

---

சிட்னி_குகன்
4 ஆகஸ்ட், பகல் 1:16

செல்வி அக்கா சொல்றது சரி. அதோட 2024-ஐயும் பாருங்கோ. யூலை கடைசியில பரிஸ் ஒலிம்பிக் தொடங்கினது. கொலம்பியா காலிறுதியில ஸ்பெயினை 2-0 எண்டு வைச்சிருந்தது. 79-இல ஹெர்மோசோ, 97-இல பரேதெஸ், 2-2, பிறகு பெனால்ட்டியில தோல்வி. அது ஓகஸ்ட் 3. அதே மாதக் கடைசியில கொலம்பியாவிலயே 20 வயசுக்குட்பட்ட உலகக் கிண்ணம், லிண்டா அங்கயும் ஆடினவ. அதுவும் காலிறுதியோட முடிஞ்சுது. 2022-இல நடந்த அதே கதை திரும்ப. அந்த முறை 'ஆட வேற இடமில்லை' எண்ட நியாயம் இல்லை, ரியல் மாட்ரிட்காரி.

---

பந்துவீதி
4 ஆகஸ்ட், மாலை 4:02

குகன், இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. 2022-க்கு நான் சொன்ன காரணம் 2024-க்குப் பொருந்தாது. செல்வி மேடம், நான் எழுதின கடைசி வரியைத் திரும்ப எடுத்துக்கறேன்.

ஆனா அவங்க ஆட்டம் வளர்ந்திருக்கான்னு நான் கேட்ட கேள்வி அப்படியே இருக்கு. அதுக்கு யாராவது பதில் சொல்லுங்க.

---

மாறன்_நேருல்
4 ஆகஸ்ட், இரவு 10:30

நான் முயற்சி பண்றேன்.

2022-ல நான் பார்த்த லிண்டா பந்தை வாங்கினா தானே மூணு பேரைத் தாண்டணும்னு பார்ப்பா. கூட ஆடற பிள்ளைகளும் அவகிட்ட குடுத்துட்டு நின்னு வேடிக்கை பார்ப்பாங்க. ஸ்பெயின் அதைக் கண்டுபிடிச்சு அவ பக்கம் ரெண்டு பேரை ஒட்ட விட்டுட்டாங்க. குரூப் மேட்ச்லயும் 1-0, ஃபைனல்லயும் 1-0.

இந்த வருஷம் மார்ச்ல சாம்பியன்ஸ் லீக் காலிறுதி முதல் ஆட்டம், ரியல் மாட்ரிட் - ஆர்சனல். மழை பெஞ்சு மைதானம் சேறு, பந்து உருளவே இல்ல. டிரிபிள் பண்றவங்களுக்கு நரகம். 22-வது நிமிஷம் லிண்டா கோல். அந்தச் சேத்துல அவ பந்தைக் கால்ல வச்சுக்கிட்டே இருக்கல. தொட்டுட்டு நகர்ந்துட்டு, திரும்ப வேற இடத்துல வாங்கினா. 2-0 ஜெயிச்சாங்க. ரெண்டாவது ஆட்டத்துல ஆர்சனல் 3-0 அடிச்சு மேல போச்சு, அந்த ஆர்சனல்தான் கடைசியில கோப்பையே எடுத்துது. அதனால யாரும் முதல் ஆட்டத்தைப் பேசல. எனக்கு அதுதான் அவ வளர்ந்ததுக்கு ஆதாரம்.

நேத்து ஃபைனல்லயும் அதேதான். அவ நடுவுக்கு வந்தா பிரேசில்காரங்க ரெண்டு பேர் கூடவே வந்தாங்க, அந்த இடம் கூட ஆடற மாய்ரா ராமிரெஸுக்குக் கிடைச்சுது. நாலு கோல்ல ஒண்ணுதான் அவ பேர்ல. மத்ததுல அவளுக்குப் பங்கில்லன்னு நான் சொல்லமாட்டேன்.

முடிச்சுக் குடுக்கறதுல இன்னும் தூரம் போகணும், அதுல பந்துவீதி சார்கூட ஒத்துப்போறேன். இடக்காலால அடிக்க வேண்டிய நேரத்துல இன்னொரு தொடுகை தொடறா. அந்த ஒரு தொடுகைல கோல்கீப்பர் வந்துடறாங்க.

இன்னொண்ணு. நேத்து தோத்தாலும் ஃபைனலுக்கு வந்ததால ரெண்டு டீமுக்கும் 2028 ஒலிம்பிக் இடம் கிடைச்சாச்சு. 2027 உலகக் கோப்பை பிரேசில்லதான், அப்ப அவளுக்கு 22.

---

கோல்கம்பம்
5 ஆகஸ்ட், காலை 9:03

அண்ணா ஒரு சந்தேகம். நவி மும்பைல சொந்த கோல் போட்ட அந்த குஸ்மான் என்ன ஆனாங்க?

---

மாறன்_நேருல்
5 ஆகஸ்ட், காலை 9:20

விசில் ஊதினதும் அந்தப் பிள்ளை இருந்த பக்கத்தையே என் மகள் பார்த்துக்கிட்டு இருந்தா. வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் "அந்த அக்கா வேணும்னு பண்ணலல்ல?"ன்னு கேட்டுக்கிட்டே வந்தா. அதுக்கப்புறம் நடந்ததை குகன் சொன்னா நல்லா இருக்கும்.

---

சிட்னி_குகன்
5 ஆகஸ்ட், பகல் 12:44

சொல்றன். அது மெல்பனில நடந்தது, நான் டிவியில பாத்தனான்.

2023 ஓகஸ்ட் 8, உலகக் கிண்ணம் நொக்கவுட், கொலம்பியா - ஜமேக்கா. ஜமேக்கா அதுவரைக்கும் ஒரு கோலும் வாங்கேல்ல. பிரான்ஸ், பிரேசில் ஒருத்தராலயும் அடிக்க முடியேல்ல. 51-ஆவது நிமிசம் இடப்பக்கத்தில இருந்து ஒரு பிள்ளை நீளமா ஒரு குறோஸ் போடுது. பந்து எல்லாரையும் தாண்டி மற்றப் பக்கம் கத்தலினா உஸ்மேயின்ர காலில போய் இறங்குது. ஒரு தொடுகையில அடக்கி, அடுத்ததில கோல். 1-0. அந்த ஒரு கோலோட கொலம்பியாப் பெண்கள் முதல்தரம் உலகக் கிண்ணக் காலிறுதிக்குப் போனவை.

அந்த குறோஸ் போட்டது அனா மரியா குஸ்மான். 18 வயசு. நவி மும்பைக்குப் பிறகு பத்து மாதம்கூட ஆகேல்ல.

---

மலர்_வேலூர்
5 ஆகஸ்ட், மதியம் 1:30

இதை எனக்கு யாரும் சொல்லவே இல்லையே. மகனை அந்த வீடியோவைப் போடச் சொல்லிப் பார்த்துட்டேன், ரெண்டு தடவை.

---

பந்துவீதி
5 ஆகஸ்ட், பிற்பகல் 3:10

லிண்டாவைப் பத்திப் பேச வந்து இந்தப் பொண்ணைத் தெரிஞ்சுக்கிட்டேன். 2027-க்கு நான் எந்த முடிவோடயும் போகப்போறதில்ல. அவங்க ஆட்டம் ஒவ்வொண்ணையும் பார்த்துட்டு இதே இழைல வந்து எழுதறேன். ஒரே வேண்டுதல், அதுக்கு முன்னாடி ஒரு கோடைகாலமாவது அவங்களை சும்மா இருக்க விடட்டும்.

---

செல்வி_கோச்
7 ஆகஸ்ட், இரவு 8:05

நேத்து பயிற்சி முடிஞ்சதும் பிள்ளைகளை வேப்பமரத்தடில உக்கார வச்சு என் ஃபோன்ல ஜெர்மனி கோலைக் காட்டினேன். முதல் தடவை "ஐயோ"ன்னாங்க. ரெண்டாவது தடவை நிறுத்தி நிறுத்தி, லிண்டா எங்க நிக்கறா, ஜெர்மன்காரி எந்தக் கால்ல எடையைப் போடறான்னு காட்டினேன். உடனே எழுந்து கோன் வச்சு செஞ்சு பார்க்க ஆரம்பிச்சிட்டாங்க. ஓடற வேகத்துல நிக்க முடியாம பாதிப் பேர் வழுக்கி விழுந்தாங்க. ஒருத்தி மட்டும் பாதத்தால பந்தை அழுத்தி நின்னா, எதிர்ல நின்னவ ஏமாந்து தாண்டிப் போயிட்டா. அதுக்கு எல்லாரும் கத்தின கத்தல்ல பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

எங்க லெஃப்ட் பேக் ஒருத்தி விளையாடப் போகல. போன வாரம் நட்பு ஆட்டத்துல அவ கால் பட்டு எங்க கோலுக்குள்ள பந்து போய் 2-1ல தோத்தோம். அதுல இருந்து என்கிட்ட சரியா பேசல. அவகிட்ட மட்டும் குஸ்மானோட ரெண்டையும் காட்டினேன். முதல்ல நவி மும்பை, அப்புறம் மெல்பன் கிராஸ். ஒண்ணும் சொல்லல. கிராஸை மட்டும் ரீவைண்ட் பண்ணச் சொன்னா. மறுபடி ஒரு தடவை. மூணாவது தடவை பாதில ஃபோன்ல சார்ஜ் தீர்ந்துபோச்சு.

இன்னிக்கு பயிற்சிக்கு எல்லாருக்கும் முன்னாடி வந்து நின்னா, அவங்க வீட்டு சார்ஜரோட.